தொண்டு நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு சம்பளம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் இரண்டு தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவன் நான். வவுச்சர் எழுதுகிற ஆளாகச் சேர்ந்து கடைசியில் நிதி மேலாளராக வெளியே வந்தேன். இப்போது சின்ன டிரஸ்ட்டுகளுக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் சரிசெய்து கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் இதே கேள்விகள்தான், டிரஸ்டி கேட்டால் ஆடிட்டரை நினைத்துப் பயந்துகொண்டு கேட்பார், ஊழியர் கேட்டால் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார். 5 பேர் முதல் 100 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கல்லூரி நடத்தும் பெரிய டிரஸ்ட்டுகளின் கதையே வேறு.

சேவை செய்ய வந்துவிட்டுச் சம்பளம் பேசலாமா?

பேசலாம், பேச வேண்டும். ‘சேவைதானே’ என்ற சொல்லை எந்த வீட்டு ஓனரிடமும் சொல்லி வாடகை குறைத்தவர்களை நான் பார்த்ததில்லை, பெட்ரோல் பங்கில் சொன்னவர்களையும் பார்த்ததில்லை. களப்பணியாளரிடமும் விடுதிச் சமையல்காரரிடமும்தான் அந்தச் சொல் வரும்.

ஒரு நேர்காணல் நினைவிருக்கிறது. எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்த பெண், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ‘சார், சம்பளம் எவ்வளவு, பஸ் காசு தனியா உண்டா?’ என்று கேட்டார். உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ‘கமிட்மென்ட் கம்மி’ என்று குறிப்பெழுதி வேறொருவரை எடுத்தோம். அவர் ஐந்தாவது மாதம் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். போனதில் தப்பே இல்லை, அங்கே பெட்ரோல் அலவன்ஸ் இருந்தது.

‘லாப நோக்கமற்றது’ என்று பதிவு செய்துவிட்டுச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி சரியா?

சரி. லாப நோக்கமற்றது என்றால் மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் பொருள். வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

டிரஸ்டியே சம்பளம் வாங்கலாமா?

முதலில் பீரோவைத் திறந்து டிரஸ்ட் பத்திரத்தைப் படியுங்கள். பாதிப் பேர் வங்கிக் கணக்குத் தொடங்கிய நாளுக்குப் பிறகு அதைப் பார்த்ததே இல்லை. டிரஸ்டிக்கு ஊதியம் கொடுக்கலாம் என்று அதில் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் பொறுப்புக்குப் பணம் வாங்கும் உரிமை டிரஸ்டிக்குக் கிடையாது. சொசைட்டி என்றால் துணை விதிகள், செக்ஷன் 8 கம்பெனி (லாப நோக்கமற்றது என்று பதிவான கம்பெனி) என்றால் மெமோராண்டம்.

பத்திரம் இடம் கொடுத்தாலும் வருமான வரிச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிறுவனர், டிரஸ்டி, மேலாளர், பெரிய தொகை கொடுத்த நன்கொடையாளர், இவர்களின் நெருங்கிய உறவினர்கள், இந்த வட்டத்துக்குள் வரும் யாருக்குச் சம்பளம் கொடுத்தாலும் அது செய்த வேலைக்குத் தகுந்த தொகையாக இருக்க வேண்டும். அதை மிஞ்சினால் மிஞ்சிய தொகைக்கு வரிவிலக்கு போய் 30% வரி வரும், அதற்கு மேல் அதே அளவு தொகையை அபராதமாகவும் விதிக்கலாம், இன்னொரு முறை பிடிபட்டால் இரண்டு மடங்கு. ‘தகுந்த தொகை’ எவ்வளவு என்று சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. அதனால் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்: அவர் என்ன வேலை செய்கிறார், அதே வேலைக்கு வெளியில் என்ன கொடுக்கிறார்கள், சம்பந்தப்பட்டவர் அறையை விட்டு வெளியே போன பிறகு மற்றவர்கள் எடுத்த தீர்மானம். மினிட்ஸ் புத்தகத்தில் ‘மேற்படி பொருள் விவாதிக்கப்படும்போது இன்னார் வெளியே இருந்தார்’ என்ற ஒரு வரி இருந்தால் ஆடிட்டர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அமெரிக்காவில் ஏறக்குறைய இதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்த ஆதாயம் இல்லாத குழு முடிவெடுத்து, ஒப்பீட்டுத் தகவல் பார்த்து, உடனே எழுதியும் வைத்துவிட்டால் அந்தச் சம்பளம் நியாயமானது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். மீறி அதிகம் வாங்கியது தெரிந்தால் அதிகப்படித் தொகையில் 25% வரியை வாங்கியவரே தன் கையிலிருந்து கட்ட வேண்டும், திருப்பிக் கொடுக்காமல் இழுத்தால் 200%. இங்கே நிறுவனம் மாட்டிக்கொள்கிறது, அங்கே வாங்கிய ஆளே மாட்டிக்கொள்கிறார். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

எங்கள் நிறுவனர் ஒரு ரூபாய்கூடச் சம்பளம் வாங்குவதில்லை. அது பெருமைதானே?

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை.

அவருக்குப் பென்ஷன் வருகிறது, அல்லது வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கிறார், அல்லது ஊரில் வயல் இருக்கிறது. அதனால் அவரால் முடிகிறது, மனசும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான். ஆனால் அவர் பூஜ்யம் வாங்குவதால் அந்த நிறுவனத்தில் எல்லாச் சம்பளமும் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் அளக்கப்படும். ‘சாரே வாங்கலை, நீ இன்கிரிமென்ட் கேக்கிற’ என்று சார் சொல்ல மாட்டார், பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். அடுத்தது, பட்ஜெட்டில் இயக்குநர் என்று ஒரு வரியே இருக்காது. 20 வருடம் ஃபண்டருக்கு (நிதி தருகிறவருக்கு) அனுப்பிய எந்தப் பட்ஜெட்டிலும் இல்லாத வரியை 21ஆம் வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போகும்போது திடீரென்று எழுத முடியாது. புதிதாக வருகிறவருக்கு மாதம் 60,000 வேண்டும் என்றால், ‘இதுவரைக்கும் இலவசமாத்தானே நடந்தது’ என்று கேட்பார்கள். ஓர் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனம் இன்று இல்லை, 40 பிள்ளைகள் படித்த இரவுப் பாடசாலைக் கட்டடத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறது.

என் யோசனை சுலபமானது. இயக்குநர் வேலைக்கு வெளியில் என்ன விலையோ அதைச் சம்பளமாக நிர்ணயித்து, தீர்மானம் போட்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். வேண்டாம் என்கிறவர் வாங்கி, வரி கட்டி, தன் விருப்பத்துக்கு நன்கொடையாகத் திருப்பித் தரட்டும். முழுக்கக்கூட. பட்ஜெட்டில் அந்தத் தலைப்பு இருக்கும், அடுத்தவர் வந்து உட்கார நாற்காலி இருக்கும்.

நிறுவனரின் மனைவி அலுவலகம் பார்க்கிறார், மகன் ஐடி பார்க்கிறார். என்ன செய்வது?

வேலை உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கிறது என்றால், அதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நியமன ஆணை, எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே. பல இடங்களில் மனைவிதான் காலை எட்டிலிருந்து இரவு வரை விடுதியைச் சுமப்பார், பெயர் எங்கேயும் இருக்காது, சம்பளமும் இருக்காது. மகன் மாதம் இருமுறை வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார், 45,000. இதைப் பட்டியலில் பார்க்கிற ஊழியருக்கு நீங்கள் எந்தக் கொள்கையையும் விளக்க முடியாது.

‘போட்டியான சம்பளம்’ என்கிறார்களே, யாரோடு போட்டி?

பெங்களூரு ஃபவுண்டேஷனோடு இல்லை, டெல்லியில் ஏசி அறையில் கொள்கை எழுதுகிறவர்களோடும் இல்லை. கடைசியாக உங்களிடமிருந்து போன மூன்று பேர் எங்கே போனார்கள்? அதுதான் உங்கள் சந்தை. என் அனுபவத்தில் களப்பணியாளர்கள் மைக்ரோ ஃபைனான்ஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் போகிறார்கள், ஆசிரியர்கள் தனியார் பள்ளிக்கு, நர்ஸும் கவுன்சலரும் அரசு ஒப்பந்த வேலைக்கு. கடைசி வகைக்குத் தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மாவட்ட இணையதளத்தில் மாவட்ட நலவாழ்வுச் சங்கம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின் வேலை அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும், தொகுப்பூதியம் எவ்வளவு என்று பதவிவாரியாக அதிலேயே போட்டிருப்பார்கள். ஆறு அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டாலே ஒரு சின்ன ஒப்பீடு தயார். அப்புறம் பக்கத்து மாவட்டத்து நிறுவனங்கள் நான்குக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், சொல்லுவார்கள், அவர்களுக்கும் உங்கள் தொகை தெரிய வேண்டுமே.

இயக்குநருக்கு ஒப்பிடும்போது பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள். வருடத்துக்கு எத்தனை லட்சம் புரள்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வெளிநாட்டு நிதி இருக்கிறதா, ஏதாவது தப்பானால் யார் பெயருக்கு நோட்டீஸ் வரும், இவற்றைப் பாருங்கள். 30 லட்சம் பட்ஜெட் உள்ள இடத்து இயக்குநரும் 6 கோடி உள்ள இடத்து இயக்குநரும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

சம்பள அடுக்கு எப்படிப் போடுவது?

ஆளை மறந்துவிட்டு வேலையை எழுதுங்கள். எங்கள் இடத்தில் முதலில் செய்தபோது ஒரு நாள் முழுக்கச் சண்டை. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்வி வைத்துக்கொண்டோம்: என்ன படிப்பும் பயிற்சியும் தேவை, தப்பு நடந்தால் யாருக்குப் பாதிப்பு, எத்தனை பேரை மேய்க்க வேண்டும், வேலையின் சிரமம் என்ன. நான்காவது கேள்வியில்தான் பட்டியல் தலைகீழானது. அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எம்ஐஎஸ் (திட்டத் தகவல் பதிவு) நிரப்புகிறவர் அதுவரை ‘ஆபீஸ் ஸ்டாஃப்’ என்ற பெயரில், சேடபட்டிப் பக்கம் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மாலை ஆறு மணிக்குமேல் மகளிர் குழுக் கூட்டம் நடத்துகிறவரை விட 3,000 அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, அவர் நன்றாக ஆங்கிலம் எழுதுவார் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. ஃபண்டர் கண்ணில் படுகிற வேலைக்கு ஒரு விலை, படாத வேலைக்கு ஒரு விலை.

ஐந்தாறு அடுக்கு போதும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் வையுங்கள். கீழ் அடுக்கு தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகவே கூடாது, ‘தன்னார்வலர்’ என்று பெயர் மாற்றினாலும் தினமும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் அவர் ஊழியர்தான். யாரையும் குறைக்காதீர்கள். அடுக்குக்கு மேலே இருப்பவருக்கு இரண்டு வருடம் ஏற்றத்தை நிறுத்தி, கீழே இருப்பவரை மேலே கொண்டுவாருங்கள். அந்த எம்ஐஎஸ்காரர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேல் சம்பளத்துக்கும் கீழ்ச் சம்பளத்துக்கும் எத்தனை மடங்கு இருக்கலாம்?

சட்டம் எதுவும் சொல்லவில்லை. சின்ன நிறுவனத்தில் ஐந்து மடங்கைத் தாண்டினால் நான் காரணம் கேட்பேன். மடங்கை விட, இயக்குநர் காரில் போகும்போது அதே பயணத்துக்குக் களப்பணியாளருக்கு டவுன் பஸ் டிக்கெட் ஒட்டச் சொல்கிறீர்களா என்பதை ஊழியர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

ஒரே வேலை, ஒரே தகுதி, இரண்டு பிராஜெக்ட், இரண்டு சம்பளம். இதை என்ன செய்வது?

தொண்டு நிறுவனங்களில் அதிக மனக்கசப்பைக் கொண்டுவருவது இதுதான். ஜெர்மன் நிதியில் நடக்கும் பிராஜெக்டில் கோஆர்டினேட்டருக்கு 32,000, அரசுத் திட்டத்தில் அதே கோஆர்டினேட்டர் வேலைக்கு மதிப்பூதியம் 15,000. இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை, மதியம் ஒரே டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள்.

முழுத் தீர்வு கிடையாது. வெளிநாட்டு நிதியை எடுத்து அரசுத் திட்டத்து ஊழியருக்கு நிரப்பினால் எந்த வேலைக்கு எந்தப் பணம் என்ற கேள்வி வரும், ஒப்பந்தத்தில் இல்லாததைச் செய்யவே கூடாது. செய்யக்கூடியது இது: சம்பளத்தை உங்கள் அடுக்குதான் தீர்மானிக்கும் என்று பாலிசி எழுதி, புதிய பிராஜெக்ட் எழுதும்போதெல்லாம் அந்தத் தொகையைத்தான் எழுதுவது. ஃபண்டர் குறைவாகக் கொடுத்தால் மீதியைச் சொந்த நிதியிலிருந்து போட முடியுமா என்று பார்ப்பது, முடியாவிட்டால் அந்தத் திட்டத்தை எடுக்கலாமா என்று யோசிப்பது. எடுக்காமல் விட்ட ஒரு நிறுவனத்தை எனக்குத் தெரியும், ஒரு வருடம் கஷ்டப்பட்டார்கள், ஆட்கள் யாரும் போகவில்லை.

எஃப்சிஆர்ஏ வந்தபிறகு சம்பளமே கொடுக்க முடியவில்லை என்கிறார்களே?

எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டம், 2010லேயே இருக்கிறது. நீங்கள் சொல்வது 2020 செப்டம்பர் திருத்தம். அதுவரை வெளிநாட்டு நிதியில் 50% வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்று இருந்தது, அதை 20% ஆக்கினார்கள். வாங்கிய நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவதையும் அதே திருத்தத்தில் தடுத்தார்கள், பெரிய நிறுவனம் வாங்கிப் பிரித்துக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்த கிராமத்து டிரஸ்ட்டுகளில் சம்பளம் நின்றது அதனால்தான்.

ஆனால் எல்லாச் சம்பளமும் நிர்வாகச் செலவு இல்லை. டிரஸ்டிகளுக்குக் கொடுப்பது, அலுவலக நிர்வாகத்தில் இருப்பவர்கள் சம்பளம், வாடகை, கரண்ட், ஆடிட் ஃபீஸ் இவை அந்த 20%க்குள் வரும். பள்ளிக்கூடம் நடத்தும் நிறுவனத்தில் ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரி நடத்தும் நிறுவனத்தில் டாக்டர் சம்பளமும் நேரடி வேலைக்கான செலவு, வராது. ஆராய்ச்சியும் பயிற்சியும்தான் முக்கிய வேலை என்ற நிறுவனத்தில் பயிற்சி தருகிறவர், களத் தகவல் சேகரிக்கிறவர் சம்பளமும் வராது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிர்வாகத்தில் போட்டுவிட்டு அப்புறம் அக்கவுண்டன்ட் சம்பளத்தை வெட்டுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் பயிற்சியும் இரண்டு நாள் அலுவலகமும் பார்ப்பவருக்கு டைம் ஷீட் வையுங்கள், அதை வைத்துப் பிரியுங்கள், ஆடிட்டரிடம் முன்னாலேயே காட்டிவிடுங்கள். மார்ச் 31க்குப் பிறகு உட்கார்ந்து ஒரே பேனாவால் பன்னிரண்டு மாத டைம் ஷீட் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை, ஆடிட்டருக்கும்.

சிஎஸ்ஆர் நிதியில் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) நிர்வாகச் செலவு 5% தான் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். உண்மையா?

அந்த 5% கம்பெனிக்கு. தன் சிஎஸ்ஆர் பிரிவைப் பொதுவாக நிர்வகிக்கக் கம்பெனி செய்யும் செலவு, அந்த வருட மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5%ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. திட்டத்தை நடத்தும் உங்கள் கோஆர்டினேட்டர் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணிவாக, எழுத்தில், விதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் இருப்பவரும் பெரும்பாலும் கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறார். அவருடைய மேலதிகாரியிடம் காட்ட ஒரு காகிதம் கிடைத்தால் சம்மதித்துவிடுவார், எல்லோரும் இல்லை, பாதிப் பேர்.

எல்லோரையும் ‘கன்சல்டன்ட்’ என்று போட்டு 10% டிடிஎஸ் பிடித்துக் கொடுத்துவிட்டால் பிஎஃப் தொல்லை இல்லையே?

பிஎஃப் அதிகாரி வந்து வருகைப் பதிவேட்டைக் கேட்கும் வரை தொல்லை இல்லை. தினமும் வருகிறார், உங்களிடம் லீவு கேட்கிறார், உங்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார் என்றால் அவர் கன்சல்டன்ட் இல்லை. பல வருட பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து வரும், அப்போது அந்தப் பிராஜெக்டும் முடிந்திருக்கும், ஃபண்டரும் இருக்க மாட்டார்.

20,000 சம்பளம் என்று பட்ஜெட்டில் எழுதினால் போதுமா?

போதாது. ஒரு கணக்கு பார்த்துவிடுவோம். மொத்தச் சம்பளம் 20,000, அதில் அடிப்படையும் டிஏவும் சேர்ந்து 12,000 என்று வையுங்கள். பிஎஃப்பில் நிறுவனத்தின் பங்கு 12%, அதோடு நிர்வாகக் கட்டணமும் இன்சூரன்ஸும் ஒரு சதவீதம், ஆக 1,560. இஎஸ்ஐ உள்ள இடம் என்றால், 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு நிறுவனத்தின் பங்கு 3.25%, அதாவது 650. கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) மாதாமாதம் ஒதுக்க வேண்டியது அந்த 12,000இல் 4.81%, அது 577. மொத்தம் 22,787. நீங்கள் 20,000 மட்டும் எழுதினால் மீதி 2,787 யார் தலையில் விழுகிறது? நான் பார்த்த பல இடங்களில் ஊழியர் தலையில்தான், நிறுவனத்தின் பங்கையும் அவர் சம்பளத்திலேயே கழித்துவிட்டு ‘இதுதான் சிடிசி, உங்களுக்கு ஆகும் மொத்தச் செலவு’ என்பார்கள். நேர்காணலில் 20,000 என்று சொல்லிவிட்டு நிறுவனப் பங்கை அதில் பிடிப்பது சட்டப்படியும் தப்பு.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பிஎஃப், 10 பேரோ அதற்கு மேலோ என்றால் கிராஜுவிட்டி. கிராஜுவிட்டி நிறையப் பேருக்கு விளங்காத ஒன்று என்பதால் ஒரு உதாரணம்: 11 வருடம் வேலை பார்த்தவர், கடைசி அடிப்படை 18,000. 18,000ஐ 15ஆலும் 11ஆலும் பெருக்கி 26ஆல் வகுத்தால் 1,14,231 ரூபாய். ஒதுக்கி வைக்காத நிறுவனம் இந்தத் தொகையைக் கேட்டதும் ‘நம்ம ஆளு, கேக்க மாட்டாரு’ என்று இருந்துவிடும். அவர் மகள் கல்யாணத்துக்குக் கேட்பார்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நமக்கு அதில் முக்கியமாக மூன்று. கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு, பிராஜெக்ட் ஒப்பந்தத்தில் ஓடும் நம் துறையில் இது பெரிய மாற்றம், பட்ஜெட்டில் இப்போதே எழுதுங்கள். அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியமாகவே கணக்கிடப்படும், ஆகவே அடிப்படையை 5,000 என்று காட்டிப் பிஎஃப்பைக் குறைக்கும் பழைய தந்திரம் இனி ஓடாது. மூன்றாவது, வேலையை விட்டுப் போகிறவரின் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும்.

அதே தொகுப்புகளில் நமக்குக் கொஞ்சம் கசப்பான ஒன்றும் இருக்கிறது. 1978இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்பதற்கு மிக விரிந்த பொருள் கொடுத்தது, அறநிறுவன ஊழியர்கள்கூடத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக அது வழி திறந்தது. புதிய தொழில் உறவுத் தொகுப்பு முழுமையாகவோ பெருமளவோ அறப்பணியில் இருக்கும் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. ஊழியருக்குப் புகார் சொல்ல ஒரு வாசல் குறைந்திருக்கிறது. அதனால்தான் போகிற இடமெல்லாம் எழுத்தில் ஒரு சம்பளப் பாலிசி போடச் சொல்லி நச்சரிக்கிறேன்.

18,000க்குக் கையெழுத்து வாங்கிவிட்டு 14,000 தருகிறார்கள். ‘மீதி நம்ம டிரஸ்ட்டுக்கு நன்கொடை’ என்கிறார்கள்.

உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ஃபண்டர் உள்ளூர்ப் பங்களிப்பு 10% காட்டச் சொல்லியிருப்பார், அதற்கு ஊழியர் சம்பளத்தைப் பிடிப்பார்கள். இப்போது வங்கி வழியாகச் சம்பளம் வருவதால், முழுத் தொகையும் கணக்கில் ஏறிய மறுநாள் 4,000 எடுத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இது நன்கொடை இல்லை, கட்டாயம் என்றாலே நன்கொடை இல்லை. கணக்கும் பொய்க் கணக்கு. டிரஸ்டியாக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: ஃபண்டருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போனால் அந்தப் பிராஜெக்ட் போகும், அடுத்ததும் போகும். ஊழியராக இருந்து படிக்கிறவர்களுக்கு: கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் ரசீது கேளுங்கள், அல்லது வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். பாதி இடத்தில் அதோடு நின்றுவிடும், ஏனென்றால் காகிதத்தில் வர அவர்களுக்கு விருப்பம் இருக்காது.

நன்கொடை திரட்டுகிறவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

வேண்டாம். மாதச் சம்பளம் கொடுங்கள். நூறு ரூபாய் கொடுத்தவர் அதில் இருபது வாசலில் வந்து கேட்டவர் பைக்குப் போனது என்று தெரிந்தால் அடுத்த முறை கேட்டைத் திறக்க மாட்டார்.

பிரசவ விடுப்புக்குப் பட்ஜெட் இல்லை, என்ன செய்ய?

10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைக்கு. இஎஸ்ஐயில் இருப்பவருக்கு அங்கேயே பணம் வரும், அதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். ஃபண்டர் பட்ஜெட்டில் இதற்கு ஒரு தலைப்பு இருப்பது அபூர்வம், பெண்கள் உரிமைக்கான பிராஜெக்டில்கூட இருக்காது. சொந்த நிதியில் சின்னதாக ஒரு ஒதுக்கீடு வைப்பதுதான் வழி.

இந்த வருடம் இன்கிரிமென்ட் தர காசே இல்லை.

அப்படியே சொல்லுங்கள், ஏப்ரலுக்கு முன்னால், கூட்டம் போட்டு, கணக்கைக் காட்டி. ஊழியர்கள் மன்னிப்பார்கள். ஜூலை வரை ‘பார்க்கலாம்’ என்று இழுத்துவிட்டு ஆகஸ்டில் புது கார் வாங்கினால் மன்னிக்க மாட்டார்கள், பிராஜெக்ட் பணத்தில் வாங்கிய கார் என்று எத்தனை விளக்கினாலும்.

சம்பளத்தை வெளியில் போடலாமா?

போடலாம். தொண்டு நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் கிரெடிபிலிட்டி அலையன்ஸ் அமைப்பின் அங்கீகாரம் வாங்கும் நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர், அதிகம் வாங்கும் மூவர், மிகக் குறைவாக வாங்குபவர் ஆகியோரின் ஊதியத்தைச் சொல்ல வேண்டும். தனி ஆள் சம்பளத்தை ஒட்டச் சொல்லவில்லை, அடுக்கை ஒட்டுங்கள் போதும். எங்கள் இடத்தில் முதல்முறை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று மதியம் வரை யாரும் அந்தப் பக்கம் போகாத மாதிரி நடித்தார்கள், சாயங்காலம் பார்த்தால் ஓரத்தில் விரல் ரேகை.

ஐடி வேலையை விட்டுவிட்டுச் சேவைக்கு வருகிறார் ஒருவர், பாதிச் சம்பளம் போதும் என்கிறார். அந்தப் பாதியே எங்கள் இயக்குநரை விட அதிகம்!

அடுக்கில் எங்கே வருகிறாரோ அங்கே. விட்டுக்கொடுத்தது அவருடைய முடிவு, அதற்கான விலையை 12 வருடம் இருக்கும் கோஆர்டினேட்டர் கட்டக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், சேர்ந்த தேதி, வேலை, அடிப்படை, மொத்தம், எந்த நிதியிலிருந்து. அதைச் சம்பள வரிசையில் அடுக்காமல் சேர்ந்த தேதி வரிசையில் அடுக்குங்கள், அப்புறம் சத்தம் போடாமல் பத்து நிமிடம் பாருங்கள்.

போன வருடம் ஒரு விடுதியில் அப்படி அடுக்கினோம். முதல் வரியில் வந்தது சமையல் செய்யும் அம்மாவின் பெயர், 17 வருடம். அடிப்படைச் சம்பளக் கட்டத்தில் ‘மதிப்பூதியம்’ என்று எழுதியிருந்தது, தொகை இல்லை. எவ்வளவு என்று அக்கவுண்டன்ட் தம்பியிடம் கேட்டேன்.

‘மாசத்துக்கு மாசம் மாறும் சார்’ என்றான்.